வே-பிரிட்ஜுக்கு இரண்டு பேர் போதும்

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீஜா போன மாதம் எனக்குப் போன் செய்தாள். எங்கள் பேப்பர் மில்லில் சில வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். இப்போது அவர்கள் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மொபைலில் செய்தி அனுப்பிவிடலாம் என்று மேலிடம் சொல்கிறதாம். நம் மில்லில் ஒவ்வொருவரையும் நேரில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னோமே, அதனால் யாருக்காவது ஏதாவது பிரயோஜனம் இருந்ததா என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். பிரயோஜனத்தை அளந்து பார்க்க எங்களுக்கு வழி இருந்ததில்லை. எப்படிச் செய்தோம் என்பதை மட்டும் சொல்ல முடியும். போனில் அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு நெல்லும் நிலக்கடலையும் விளைகிற கொஞ்சம் பூமி இருந்தது. சித்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். அஞ்சல் வழியில் படித்துத் தேறி, பர்சனல் பிரிவுக்கு மாறி, உதவி அதிகாரி ஆனேன். இதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. அந்த வருடங்களில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. லீவு, ஓவர்டைம், கேன்டீன் சாம்பாரில் உப்பு, யூனியன் தேர்தல், இவ்வளவுதான்.

மில்லில் இரண்டு மெஷின் ஓடின. கரும்புச் சக்கையும் பழைய காகிதமும் அரைத்து, ஒன்றாம் மெஷினில் செய்தித்தாள் காகிதமும் இரண்டாம் மெஷினில் அட்டைப்பெட்டிக்கான முரட்டுக் காகிதமும் எடுப்பார்கள். கரோனா வந்தபோது பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. கரோனா போனபிறகும் அவை பழையபடி கூடவில்லை. குடோனில் ரீல்கள் அடுக்கு அடுக்காக நின்று ஓரம் மஞ்சளாகத் தொடங்கின. ஒன்றாம் மெஷினை நிறுத்துவது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. மெஷின் நின்றால் அதில் நிற்கிறவர்களோடு முடிவதில்லை. பல்ப் என்கிற காகிதக் கூழ் அரைக்கிற இடத்தில், பாய்லரில், குடோனில், கேன்டீனில், லாரி எடை போடும் வே-பிரிட்ஜில் என்று எல்லா இடத்திலும் ஆள் கூடுதலாகிவிடும். எந்தப் பிரிவில் எத்தனை பேர் குறைய வேண்டும் என்று மேலிடத்திலிருந்தே எழுதி வந்தது. அது யார் யார் என்பதை நாங்கள் பார்க்க வேண்டும்.

எங்கள் பர்சனல் மேனேஜர் விஸ்வநாதன், கல்பாத்திக்காரர். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரே ஒரு பேனா. நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் அவர் ஒரே குரலில் சொல்வார். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைத்ததில்லை, அன்பானவர் என்றும் நினைத்ததில்லை. வேலையைக் கவனமாகச் செய்கிறவர் என்று மட்டும் தெரியும்.

நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டக்கூடாது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டார். சட்டத்துக்கு வேண்டியதை ஒட்டத்தான் வேண்டும். ஆனால் அதில் இருக்கிறவன் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, அதற்கு முன்னால் அவனுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். தன் அறையில் ஜன்னலுக்கு எதிரே இருந்த நாற்காலியை மாற்றிப் போடச் சொன்னார். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் யார்டில் நிற்கிறவர்களுக்கு உள்ளே இருப்பவர் முகம் தெரியும். புது இடத்தில் உட்கார்ந்தால் வெளியே போகிற கதவு கண்ணில் படும். டீ வாங்கி வைக்கட்டுமா என்று நான் கேட்டபோது, சொல்லி முடித்த பிறகு வேண்டுமென்றால் கொடுக்கலாம், முன்னால் கொடுத்தால் அது அறுக்கப்போகிற கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி என்றார்.

"முதல் வாக்கியத்துலேயே விஷயம் வந்துடணும், சாந்தாமணி," என்றார். "மில்லோட கஷ்டம், மார்க்கெட், இதெல்லாம் அப்பறமாக்கும். அவன் கேட்டாத்தான்."

வருத்தப்படுகிறோம் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள்தான் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்பது அவர் எண்ணம். இன்னொன்றில் அவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். ஷிப்ட் தொடங்குமுன்தான் கூப்பிட வேண்டும். செய்தியைக் கேட்டவர் அன்று மெஷின் பக்கம் போகவே கூடாது. காகித மெஷினில் எல்லாம் உருளைகள். இரண்டு உருளை சேர்கிற இடத்தில் கவனம் கொஞ்சம் தப்பினாலும் கை உள்ளே போய்விடும். அன்றைய கூலி உண்டு, வீட்டில் கொண்டுபோய் விட வேன் உண்டு. பாய்லரில் இருந்த ஒருவர், கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினார். விஸ்வநாதன் மறுத்துவிட்டு, வேன் வரும்வரை அவரோடு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருவரும் அவர் வீட்டுப் பலாமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பல்ப் யார்டில் வேலை பார்த்த இன்னொருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அங்கே சுற்றுகிற நாய்க்கு இனி யார் சோறு வைப்பார்கள் என்று மட்டும் கேட்டார். விஸ்வநாதன் என்னைப் பார்த்தார். கேன்டீனில் சொல்லி ஏற்பாடு செய்தேன்.

நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்வேன். அழுதவர்கள் குறைவு. நிறையப் பேர் வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டார்கள்.

இதில் சிக்கலாக வந்தது வே-பிரிட்ஜ்தான்.

அங்கே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. முறைப்படி, ஒரு பிரிவில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும். அங்கே கடைசியாக வந்தவர் பழனிசாமி. ஆனால் மில்லில் அவர் எல்லோருக்கும் மூத்தவர். ஒன்றாம் மெஷினில் ரீவைண்டர் ஆபரேட்டராக இருந்தவர். பெரிய ரீலைப் பிரித்து, அளவாக வெட்டிச் சின்ன ரீல்களாகச் சுற்றுகிற மெஷின் அது. ஒரு நாள் அறுந்த காகிதத்தை எடுக்கப் போனபோது இடது கை உருளைக்குள் போய், கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரை வே-பிரிட்ஜில் போட்டார்கள். பிரிவு மாறிய நாளிலிருந்து அவருடைய சீனியாரிட்டி புதிதாகத் தொடங்கியது. எத்தனையோ வருடம் வேலை பார்த்தவர், ஏட்டளவில் அங்கே ஜூனியர்.

அவருக்கு முன்னால் அந்தப் பிரிவுக்கு வந்தவர் செல்வராஜ். என் தங்கை மல்லிகாவின் வீட்டுக்காரர்.

இதை விஸ்வநாதனுக்கு நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. வே-பிரிட்ஜ் விஷயம் பேசும்போது நீ அறையில் இருக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. தக்க காரணத்தை எழுதி வைத்தால் கடைசியாக வந்தவரை விட்டுவிட்டு அவருக்கு முன்னவரைக் குறைக்கலாம். கை போனது இந்த மில்லில், அதனால்தான் பிரிவு மாறியது என்பதைவிடத் தக்க காரணம் வேறு வேண்டுமா என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. மில்லில் எல்லோருக்கும் தெரிந்தது. மல்லிகாவுக்கும் தெரிந்தது.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கிறது என்று நான் அறிந்ததையே சொன்னாள். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லு என்றாள். என்னால் முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. கொண்டுவந்த முருங்கைக்காயை வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் எழுந்து போனாள்.

யூனியன் செக்ரெட்டரி தாமஸ், மேனேஜர் காரணம் எழுதுவதற்கு ஒப்பவில்லை. பழனிசாமி அவருக்கு நெருங்கிய நண்பர். இருந்தும் ஒப்பவில்லை. முன்பு நிர்வாகம் தனக்கு வேண்டியவர்களைப் பிரிவு மாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் பிரிவு வாரியாக சீனியாரிட்டி என்ற முறையை யூனியன் போராடி வாங்கியது. இன்று ஒரு நல்ல மனிதனுக்காக அதை மீறினால், நாளை உங்கள் ஆளுக்காக மீறுவீர்கள் என்றார் தாமஸ். விஸ்வநாதனும் அதை மறுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு பேரும் பேசி முடிவுக்கு வருமுன் பழனிசாமியே ஆபீசுக்கு வந்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். பழனிசாமி என்னை இருக்கச் சொன்னார்.

"அந்த ரூலுக்கு நானுந்தாங்க கை தூக்குனேன்," என்றார். "இப்ப எனக்கு மட்டும் வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? என்ற கையைக் காரணமா எழுதிப் போட்டு என்னை வெச்சுக்காதீங்க சார். ஆனா நான் ரீவைண்டர்காரனுங்க. அங்க எனக்கு மேல ரெண்டு பேருதான். என்னை அங்கயே திருப்பிப் போடுங்க."

இரண்டாம் மெஷினில் புது ரீவைண்டர் வந்திருந்தது. பெரும்பாலும் பொத்தானை அழுத்துகிற வேலை. தகுதி இருந்தால் பழைய சீனியாரிட்டியோடு பழைய பிரிவுக்குத் திரும்பலாம் என்று அதே ஒப்பந்தத்தில் இருந்தது. ஓட்டிக் காட்டுகிறேன், பாருங்கள் என்றார். அப்படி அவர் திரும்பினால் ரீவைண்டரில் கடைசியாக வந்த வேறொருவர் போவார். அது முறைப்படி நடக்கிற காரியம், யாரும் யாருக்கும் சலுகை செய்ததாகாது. விஸ்வநாதன் சிறிது நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டனுப்பினார்.

சோதனை ஒரு காலை வேளையில் நடந்தது. புரொடக்‌ஷன் சூப்பிரண்டு, பாதுகாப்பு அதிகாரி, தாமஸ், விஸ்வநாதன், நான் என்று ஐந்து பேர் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்றோம். மெஷின் இரைச்சலில் பேசினால் கேட்காது. பழனிசாமி கைக்கடிகாரத்தைக் கழற்றி தாமஸிடம் கொடுத்தார், சட்டையை இறுக்கி உள்ளே சொருகினார். காகித நுனியை வலது கையால் கிழித்துக் கூராக்கி, இடது கையின் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து, வெட்டுக் கத்திகளுக்கு நடுவே விட்டு எடுத்தார். அட்டைக் குழாய்களில் பசை தடவி நுனியை ஒட்டினார். மெதுவாக ஓடவிட்டு, சுருக்கமில்லை என்று பார்த்தபின் வேகத்தைக் கூட்டினார். ரீல்கள் ஒரே கனத்தில் பருத்து வந்தன. நிறைந்ததும் நிறுத்தி, தள்ளி, அடுத்த செட்டைப் போட்டார். முகத்தில் ஒரு நிதானம் வந்திருந்தது. வே-பிரிட்ஜில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாவது செட்டின் நடுவில் காகிதம் அறுந்தது. அது எப்போதும் நடப்பதுதான். நிறுத்தும் பொத்தானை உடனே அழுத்தினார். உருளை வேகம் குறைந்து, சுழன்று நின்றது. அறுந்ததைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி காகிதத்தைக் கோத்து ஓட்டி முடித்தார். சூப்பிரண்டு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பாதுகாப்பு அதிகாரியும் தலையாட்டினார். எங்கள் எல்லோருக்கும் ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. எனக்கு அது இரட்டிப்பாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

பழனிசாமி கோட்டைத் தாண்டி எங்களிடம் வந்தார். இரைச்சலுக்கு வெளியே போகலாம் என்று கை காட்டினார். கதவுக்கு வெளியே வந்ததும் விஸ்வநாதனைப் பார்த்துச் சொன்னார்.

"வேண்டாமுங்க சார்."

ஏன் என்று தாமஸ் கேட்டார்.

"பேப்பர் அறுந்தப்ப கை போச்சுங்க. நான் அனுப்பல. அதுவாப் போச்சு. உருளை நிக்கறதுக்கு முன்னாலயே."

நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மற்றவர்கள் பொத்தானைப் பார்த்திருப்பார்கள். ஒரு சாண் தூரத்தில் பிடித்து நிறுத்திவிட்டேன், அடுத்த முறை நிற்குமா என்று தெரியாது என்றார். தாமஸ் அவர் தோளில் கை வைத்து, கொஞ்ச நாள் பழகினால் சரியாகும் என்றார். பழகினதால்தான் போகிறது என்றார் பழனிசாமி. பிறகு கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். இடது மணிக்கட்டில் ஒரே கையால் வார் மாட்டச் சிறிது நேரம் ஆனது. யாரும் உதவப் போகவில்லை.

மறுநாள் காலை விஸ்வநாதன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நான் வெளியே இருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்தது. வேன் வேண்டாம் என்று பழனிசாமி பஸ்ஸில் போனார்.

செல்வராஜ் தங்கினார். மல்லிகா எனக்குப் போன் செய்து அழுதாள். எவ்வளவு சொல்லியும், நான் மேனேஜரிடம் பேசித்தான் இது நடந்தது என்றே அவள் நம்பினாள். அவள் நம்பியதையே ஊரும் நம்பியது. மில்லில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள். சோதனையில் நடந்ததைத் தாமஸ் யூனியன் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். ஆபீஸ்காரர்கள் பழனிசாமியை அப்படிச் சொல்ல வைத்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் கிளம்பியது. கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டில் பழனிசாமியின் மனைவி துளசிமணியை ஒரு நாள் நேருக்கு நேர் சந்தித்தேன். கையில் ரேஷன் பை வைத்திருந்தார்.

"ஏனுங் மேடம், உங்க தங்கச்சி ஊட்டுல அடுப்பு எரியுதுங்ளா?" என்று கேட்டார்.

எரிகிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்லியிருந்தாலும் அது தப்பிப்பதாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினார். அன்று அலுவலகத்தில் இதை விஸ்வநாதனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம் உத்தியோகத்தில் இதுவும் ஒரு பகுதி என்றோ, கவலைப்படாதே என்றோ சொல்லவில்லை. மதியம் தன் டிபனில் இருந்த இட்லியில் இரண்டை என் தட்டில் வைத்தார். அவரோடு வேலை பார்த்த காலத்தில் அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான்.

செல்வராஜாலும் அங்கே நிற்க முடியவில்லை. எடை போட வருகிற லாரி டிரைவர்கள் வேண்டுமென்றே பழனிசாமி அண்ணன் எங்கே என்று கேட்பார்களாம். மழைக்காலம் முடியுமுன் பொள்ளாச்சியில் ஒரு தீவன மில்லில் வேலை தேடிக்கொண்டு ராஜினாமா கொடுத்தார். "பேச்சுத் தாங்கலீங்க அக்கா," என்றார். நான் தடுக்கவில்லை. மல்லிகா அதற்கும் என்னைத்தான் குறை சொன்னாள்.

ஆக வே-பிரிட்ஜில் ஓர் இடம் காலியானது. அதை நிரப்ப வேண்டாம் என்று மேலிடம் சொன்னது. ஒருவரை வைத்து இரண்டு ஷிப்ட் எப்படி ஓட்டுவது என்று விஸ்வநாதன் எழுதிக் கேட்டார். இரண்டு மூன்று முறை எழுதியபின் அனுமதி வந்தது. காலியிடம் வந்தால், வெளியே அனுப்பப்பட்டவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

"கடுதாசி ரிஜிஸ்டர்ல போகட்டும்," என்றார் விஸ்வநாதன். "நீயும் நேர்ல போயிட்டு வா. நீதான் போகணும்."

பழனிசாமி அப்போது முதலமடையில் ஒரு மாம்பழக் குடோனில் இருந்தார். சீசன் தொடக்கம். தரையெல்லாம் வைக்கோல், பிளாஸ்டிக் கிரேட்டுகள், பால் வடிகிற காயின் வாசனை. அவர் ஒரு பலகைக்கு முன் உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். துளசிமணியும் அங்கேயே பழங்களைக் காகிதத்தில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. எனக்கு ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டார் பழனிசாமி. உட்கார்ந்தேன். வே-பிரிட்ஜில் இடம் இருக்கிறது, உங்களைக் கூப்பிட வந்திருக்கிறேன் என்றேன்.

செல்வராஜ் போய்விட்டதை அவர் அறிந்திருந்தார். அவர் மேல் தனக்கு ஒன்றுமில்லை என்றும், இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பிறகு காயை உருட்டிப் பார்த்தபடி, ரெண்டாம் மெஷின் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டார்.

பர்சனல் பிரிவில் இருப்பவள் இதற்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆர்டர் வருகிறது என்று சொல்ல வேண்டும். சக்கை லாரிகள் குறைந்துவிட்டதை அவரும் கேள்விப்பட்டிருப்பார். தெரியவில்லை, ரொம்ப நாள் ஓடும் என்று நான் நினைக்கவில்லை என்றேன்.

துளசிமணி குறுக்கே பேசினார். மாம்பழ முதலாளி பழனிசாமியை வருடம் முழுவதும் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், தேங்காய்க் காலத்திலும் வேலை உண்டு, மூடப்போகிற மில்லுக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. இதைச் சொல்லத்தான் வந்தேன், முடிவு உங்களுடையது என்று எழுந்தேன்.

"வர்றேனுங்க," என்றார் பழனிசாமி.

துளசிமணி அவரைப் பார்த்தார். அவர் என்னிடம் சொல்வதுபோல மனைவிக்குச் சொன்னார்.

"தனியா வெளிய வந்தேன்ல, அதுதான் தாங்கலீங்க. மூடுனா மூடட்டும். எல்லாரும் ஒண்ணாத்தான போவோம்."

நான் கிளம்பும்போது துளசிமணி ஒரு பையில் மாங்காய் போட்டுக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை, ஆனால் நல்ல காய்களாகப் பொறுக்கித்தான் போட்டார்.

பழனிசாமி வந்து சேர்ந்தார். விஸ்வநாதன் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இரண்டு கோடை தாண்டுவதற்குள் இரண்டாம் மெஷினும் நின்றது. கடைசி நாளன்று கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நான் நின்றுகொண்டிருந்தேன். என் வேலையும் அன்றோடு முடிந்திருந்தது. மதிய ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு எல்லோரும் மொத்தமாக வெளியே வந்தார்கள். சிலர் சத்தம் போட்டார்கள், சிலர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதிகம் பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். பழனிசாமி எங்கே என்று தேடினேன். அந்தக் கூட்டத்தில் அவரைத் தனியாகக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.